குழந்தைகள் நலக் குழு உத்தரவுக்கு அப்பீலே கிடையாதா?

'குழந்தைகள் நலக் குழு பிள்ளையை எடுத்துக்கொண்டால் அவ்வளவுதான். பெற்றோர் எந்த கோர்ட்டுக்கும் போக முடியாது, ஒரே மாதத்தில் தத்துக் கொடுத்துவிடுவார்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. (குழந்தைகள் நலக் குழு என்பது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும், சட்டப்படி அமைந்த குழு.)

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 101ஆவது பிரிவைப் பாருங்கள். குழுவின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளையைத் தற்காலிகமாக வேறொரு குடும்பத்தில் வளர விடுவது) தொடர்பான முடிவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். உத்தரவு போட்ட தேதியிலிருந்தே நாள் கணக்கு ஓடுகிறது, அதனால் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம். இரண்டாவது மேல்முறையீடு இல்லைதான். ஆனால் 102ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றம் உத்தரவைச் சீராய்வு செய்ய முடியும்.

அப்புறம் தத்து விஷயம். பெற்றோரே எழுதிக்கொடுத்து ஒப்படைத்தால்கூட, மனம் மாற 2 மாத அவகாசம் உண்டு.

சட்டம் முழுவதும் அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் இருக்கிறது. தாய்மார்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார், 15100-ஐ அழையுங்கள். அந்தத் தகவலை நம்பி ஒரு தாய் 30 நாளையும் கோட்டைவிட்டால் பெரிய கொடுமை. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.