ஏழு பேர் நடந்து போகிறார்கள், தெருவில் இருப்பது ஒருவன்

'மேட் டிடெக்டிவ்' படத்தை நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். 2007-ல் வந்த ஹாங்காங் படம். ஜானி டோவும் வாய் கா ஃபாயும் சேர்ந்து இயக்கியது. ஓடுவது 89 நிமிடம்தான். இன்னும் பார்க்காதவர்கள் கடைசிப் பத்திக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இன்ஸ்பெக்டர் பன் துப்பறிகிற விதமே தனி. ஒரு கொலை வழக்கில், தொங்குகிற பன்றியைக் கத்தியால் குத்திப் பார்க்கிறார். அப்புறம் ஒரு பெட்டிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, என்னைப் படிக்கட்டில் உருட்டிவிடு என்கிறார். வெளியே வந்ததும், கொன்றது ஐஸ்கிரீம் கடைக்காரன் என்று சொல்லிவிடுகிறார். எப்படித் தெரிந்தது என்ற விளக்கமெல்லாம் கிடையாது. அடுத்து, ஓய்வு பெறும் மேலதிகாரிக்குத் தன் காதையே அறுத்துப் பரிசாகக் கொடுக்கிறார். வேலை போகிறது. சில வருடம் கழித்து ஹோ என்ற இளம் அதிகாரி உதவி கேட்டு வீட்டுக்கு வருகிறான். ஒரு போலீஸ்காரர் காணாமல் போய்ப் பதினெட்டு மாதம் ஆகிறது, அவருடைய துப்பாக்கியோ கொள்ளைகளில் வெடித்துக்கொண்டிருக்கிறது. அவரோடு கடைசியாக இருந்தவன் கோ என்கிற சக போலீஸ்காரன். அவனைப் பின்தொடர்கிறார்கள்.

இங்கேதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். பன்னின் கண்ணுக்குத் தெருவில் ஏழு பேர் விசிலடித்துக்கொண்டு நடந்து போகிறார்கள். ஹோவின் கண்ணுக்கு ஒரே ஒருவன். பன்னுக்கு மனிதர்களின் உள்ளே ஒளிந்திருக்கும் ஆட்கள் தெரிவார்கள், கோவுக்குள் ஏழு பேர். இதைக் காட்ட புகையோ கிராஃபிக்ஸோ எதுவும் இல்லை, நடிகர்களை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருத்தி கணக்குப் போடுகிறவள், ஒருவன் சாப்பாட்டுராமன் (நடிகர் லாம் சூயட், பார்த்தாலே நம்பிவிடுவீர்கள்), ஒருவன் அடிதடிக்காரன். கோவுக்கு ஒரு பொய் தேவைப்படும்போது அந்தப் பெண் முன்னால் வந்து பேசுகிறாள். குற்றவாளி எப்படி யோசிக்கிறான் என்பதை வசனத்தில் சொல்லிக் கேட்டுப் பழகிய எனக்கு, யோசனையே ஓர் ஆளாக வந்து நிற்பதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஹோவுக்குள் யார் இருக்கிறார் தெரியுமா? பயந்துபோன ஒரு சின்னப் பையன். துப்பாக்கி கட்டிய அதிகாரியின் இடத்தில் அந்தப் பையனைக் காட்டியபின் ஹோ என்ன செய்தாலும் நம் கண்ணுக்கு அந்தப் பையன்தான் தெரிகிறான்.

எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, அதையும் சொல்கிறேன். மனநிலை பாதிக்கப்பட்டவருக்கு ஏதோ தெய்வீக சக்தி இருப்பதாக சினிமா காட்டுவது எனக்குப் பிடிக்காது, நிஜத்தில் அந்த நோயோடு வாழ்கிறவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆனால் இந்தப் படம் அவருடைய இழப்பை மறைக்கவில்லை. பன் வீட்டில் மனைவியோடு சிரித்துப் பேசுகிறார், நாமும் அவளைப் பார்க்கிறோம், அடுத்த ஷாட்டில் அந்த இடம் காலி. நிஜ மனைவி அவரை விட்டுப் போய் நாளாகிவிட்டது. பன்னாக வரும் லாவ் சிங் வான் இதில் ஒரு இடத்தில்கூட 'பைத்தியம்' நடிக்கவில்லை. தனக்குத் தெரிவதை முழுக்க நம்புகிற ஒருவர் எப்படி இருப்பாரோ அப்படி அமைதியாக இருக்கிறார். அதனால்தான் அந்தக் காலி இடம் அப்படி வலிக்கிறது. ஹோவாக வரும் ஆண்டி ஆன் சில காட்சிகளில் கொஞ்சம் வெளிறித் தெரிகிறார், இருந்தாலும் பாத்திரத்துக்கு அந்த உறுதியின்மை பொருந்திப் போகிறது.

சரி, முடிவு. கண்ணாடிகள் நிறைந்த இடத்தில் துப்பாக்கிகள் நீள்கின்றன, யார் நிஜம் யார் உள்ளே இருப்பவர் என்று நமக்கே குழம்பி, கண்ணாடி நொறுங்கி ஒவ்வொரு சில்லிலும் ஒரு முகம். படத்தின் மொத்த யோசனையும் அந்த ஒரு அறைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கும் அடுத்தது. உயிரோடு மிஞ்சிய ஹோ, நடந்ததை எப்படிச் சொன்னால் தான் தப்பிக்கலாம் என்று யோசித்து, செத்துக் கிடப்பவர்களின் துப்பாக்கிகளை இடம் மாற்றுகிறான். இவன் கையில் இருந்ததை எடுத்து அவன் கையில் வைக்கிறான். சரியில்லை என்று தோன்றுகிறது, திரும்ப எடுக்கிறான். வேறு கையில் வைக்கிறான். படம் முடிகிறபோதும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறான்.