1793ஐ வெட்டி ஒட்டியவர்களுக்கு

பிரான்ஸ்-பிரிட்டன் போரில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் கடைப்பிடித்த நடுநிலையைப் பற்றிச் சனிக்கிழமை கூட்டத்தில் பேசினேன். அங்கே இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களும் அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியதில் ஒரே ஒரு துண்டை வெட்டியெடுத்து, "வாஷிங்டன் மாதிரி வேடிக்கை பார்ப்பவர்கள்" என்று தலைப்பும் வைத்துப் போட்டிருக்கிறார்கள். என்னைத் திட்டியதைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 1793இல் வாஷிங்டன் வேடிக்கை பார்த்தார் என்பது பொய். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரான்ஸ் பிரிட்டன்மீது போர் அறிவித்தது. அப்போது அமெரிக்காவிடம் போர்க்கப்பல் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. அரசின் வருமானத்தில் பெரும்பகுதி இறக்குமதித் தீர்வை. அதிலும் பெரும்பங்கு பிரிட்டன் சரக்குகளிலிருந்து வந்தது. மறுபக்கம், 1778 ஒப்பந்தப்படி பிரான்ஸ் அமெரிக்காவின் கூட்டாளி, விடுதலைப் போரில் ஆளும் பணமும் கப்பலும் தந்த நாடு. இந்த நிலையில்தான் ஏப்ரல் 22ஆம் தேதி வாஷிங்டன், இந்தப் போரில் யார் பக்கமும் சேர மாட்டோம் என்ற தன் நடுநிலைப் பிரகடனத்தை வெளியிட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. தொல்லையே அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பிரான்சின் புதிய தூதர் எட்மோன் ஜெனே ஏப்ரலில் சார்லஸ்டனில் வந்து இறங்கியதுமே, பிரிட்டன் கப்பல்களைப் பிடிக்க அமெரிக்கத் துறைமுகங்களிலேயே தனியார் கப்பல்களுக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் போகுமிடமெல்லாம் மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். பிரான்ஸ் பிடித்து வந்த ஒரு பிரிட்டிஷ் கப்பலுக்குத் தலைநகரான பிலடெல்பியாவிலேயே பீரங்கி பூட்டி, அரசு தடுத்தும் கேட்காமல் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படியொரு கப்பலில் சேர்ந்த கிடியன் ஹென்ஃபீல்டு என்ற அமெரிக்க மாலுமியைப் பிடித்து வழக்குப் போட்டால், ஜூரி விடுதலை செய்துவிட்டது. நடுநிலையை மீறுவது குற்றம் என்று சொல்லும் சட்டமே அப்போது இல்லை. வெளியுறவுச் செயலராக இருந்த ஜெஃபர்சன் 29 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்பினார். அப்படி ஆலோசனை சொல்வது எங்கள் வேலையில்லை என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். அப்புறம் அமைச்சரவையே உட்கார்ந்து விதிகளை எழுதியது. துறைமுகச் சுங்க அதிகாரிகளைக் கண்காணிக்கச் சொன்னது. 1794 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதற்குச் சட்டமே கொண்டுவந்தது.

இதையெல்லாம் செய்தவரைத்தான் வேடிக்கை பார்த்தவர் என்கிறீர்கள்.

எங்கள் ஊரில் ஒரு கூட்டுக் கிணறு இருந்தது. தண்ணீர் முறையில் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தகராறு வந்து கோர்ட்டு வரை போனது. அப்பா யாருக்கும் சாட்சி சொல்லப் போகவில்லை. அதற்காக வீட்டில் சும்மா உட்காரவும் இல்லை. பம்புசெட்டின் ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, யார் முறையோ அவருக்கு மட்டும் காலையில் போய்ப் போட்டுவிட்டு வருவார். மழையென்றாலும் போவார், காய்ச்சலென்றாலும் போவார். பெரியப்பா அவரைத் தம்பி ஆள் என்றார், சித்தப்பா அண்ணன் ஆள் என்றார். அக்கா கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் கடைசியில் வந்து, பந்தியில் உட்காராமலே போய்விட்டார்கள். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நடுவில் நிற்பது சுகமான வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்போதாவது புரியட்டும்.

"உதவி செய்த பிரான்சுக்குத் துரோகம் செய்தாரே" என்று கேட்பீர்கள். பின்னூட்டத்தில் கேட்டும் விட்டார்கள். 1778 ஒப்பந்தத்தை வாஷிங்டன் கிழித்துப்போடவில்லை. மன்னரின் தலையை வெட்டிய புதிய குடியரசின் தூதரை முறைப்படி வரவேற்றார். பிரான்சுக்குத் தர வேண்டிய கடனை இல்லையென்று சொல்லவில்லை. போரை அறிவித்தது பிரான்ஸ். தற்காப்புக்காகச் செய்த ஒப்பந்தம் அதற்குப் பொருந்தாது என்ற நிதிச் செயலர் ஹாமில்டனின் வாதத்தை ஏற்காதவர்கள் ஏற்க வேண்டாம். ஆனால் பிரான்சின் ஆள் என்று பேரெடுத்த ஜெஃபர்சன்கூட போரில் இறங்கச் சொல்லவில்லை என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? கடைசியில் பாரிஸில் ஆட்சி கைமாறி, திரும்பிப் போனால் தலை போகும் என்ற நிலை வந்தபோது, அதே ஜெனேவுக்குப் புகலிடம் கொடுத்தவரும் வாஷிங்டன்தான். தன்னை அத்தனை பாடு படுத்தியவருக்கு!

சரி, ஜே ஒப்பந்தம். வாஷிங்டன் அனுப்பிய ஜான் ஜே 1794இல் பிரிட்டனோடு செய்துகொண்டது. அது பிரிட்டன் பக்கம் சாய்ந்ததுதான். அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டன் கடற்படை பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போனதைப் பற்றி அதில் ஒரு வரியில்லை. செனட்டில் 20க்கு 10 என்று தேவையான மூன்றில் இரண்டு பங்கை மட்டும் பெற்றுத் தப்பியது. ஜான் ஜேயின் கொடும்பாவியை ஊர் ஊராக எரித்தார்கள், நியூயார்க்கில் ஹாமில்டன்மீது கல் வீசினார்கள். ஆனால் அதற்கு முன் கரீபியக் கடலில் சுமார் 250 அமெரிக்கக் கப்பல்களைப் பிரிட்டன் பிடித்திருந்தது. கடற்படை இல்லாத நாடு அப்போது போருக்குப் போயிருக்க வேண்டுமா? ஒப்பந்தம் வந்ததும் பிரான்ஸ் பிடிக்கத் தொடங்கியது, 300க்கும் மேல். இரண்டு பக்கமும் அடி வாங்கியவரை ஒரு பக்கத்து ஆள் என்கிறார்கள்.

இன்னொன்று. அந்தப் பதிவில் வாஷிங்டன் சொன்னதாகப் போட்டிருக்கும் "சிக்கவைக்கும் கூட்டணிகள்" என்ற தொடர் அவருடையதில்லை, ஜெஃபர்சன் 1801இல் பதவியேற்றபோது சொன்னது. வாஷிங்டனின் 1796 பிரியாவிடை உரை நிரந்தரக் கூட்டணிகளைத்தான் தவிர்க்கச் சொல்கிறது. நெருக்கடி காலத்தில் தற்காலிகக் கூட்டணி சேரலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. என்னைத் திட்டும் அவசரத்தில் அதைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை போலும்.

ஹைட்டியைப் பற்றி ஏன் பேசவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்திய கேள்வி. பேசினேன். நீங்கள் வெட்டியெறிந்த பகுதியில் அதுதான் இருக்கிறது. 1791இல் பிரான்சின் ஆட்சியில் சான் டொமிங் என்ற பெயரில் இருந்த ஹைட்டியில் அடிமைகள் எழுந்தபோது, வாஷிங்டன் அரசு பண்ணை முதலாளிகளுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. விடுதலை பெற்ற ஹைட்டியோடு வணிகம் செய்யக்கூடாது என்று 1806இல் ஜெஃபர்சன் காலத்தில் சட்டம் வந்தது. 1862 வரை அந்த நாட்டை அமெரிக்கா அங்கீகரிக்கவே இல்லை. இதை நான் நடுநிலை என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். அப்பட்டமாக ஒரு பக்கம் நின்றது இது, அதுவும் அடிமை வைத்திருந்தவர்கள் பக்கம். ஐரோப்பிய அரசுகளுக்கு நடுவே அத்தனை கவனமாக நடந்தவர்களுக்குக் கறுப்பின மக்களின் புரட்சி என்றதும் பயம் வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தத் துண்டைப் போட்டவர் என் கூடப்பிறக்காத அண்ணன். எத்தனையோ முறை என் வீட்டில் சாப்பிட்டவர். எனக்கு ஒரு போன் போட்டு "தம்பி, நீ சொன்னது எனக்கு ஒப்பவில்லை" என்று சொல்லியிருந்தால் விடிய விடியப் பேசியிருப்போம். இந்த ஊரில் எந்தக் கட்சிக் கொடியும் பிடிக்காதவனுக்கு முதுகெலும்பு இல்லை என்று எழுத அவருக்கு எப்படி மனம் வந்தது?

அண்ணே, முழுக் காணொளியையும் போடுங்கள். ஹைட்டி பகுதியோடு போடுங்கள். அதைப் பார்த்த பிறகும் திட்டுபவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறேன்.