ஏசெக்சுவல் வேறு, பாலின அடையாளம் வேறு

பாலீர்ப்பு இல்லாத, அதாவது ஏசெக்சுவலான பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் "ஏசெக்சுவல் பிள்ளைகளுக்குத் தங்கள் பாலினத்தில் குழப்பம்" என்று வரும் வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். தான் ஆணா, பெண்ணா, இரண்டிலும் அடங்காதவரா என்று ஒருவர் தன்னை உணர்வது பாலின அடையாளம். யார்மீது உடல் ஈர்ப்பு வருகிறது என்பது வேறு கேள்வி. ஏசெக்சுவலாக இருப்பவருக்கு அது யார்மீதும் வராது, அல்லது மிக அரிதாக வரும். காதல் மட்டும் வரலாம், அதுவும் தனிக்கணக்கு. திருநங்கை ஒருவர் ஏசெக்சுவலாகவும் இருக்கலாம். ஒன்று மற்றதற்குக் காரணமல்ல.

ஹார்மோன் சோதனை செய்வது பற்றியும் அந்தக் கட்டுரை பாதிதான் சொல்கிறது. முன்பு இருந்த பாலியல் ஆசை திடீரெனக் குறைந்தால் தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், மனச்சோர்வு, அதற்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான், அதில் வருத்தமும் இல்லை என்றால் அது நோயல்ல. தன்னை ஏசெக்சுவல் என்று அடையாளம் காண்பவருக்கு ஆசைக்குறைபாடு என்று நோய்ப்பெயர் எழுதக் கூடாதென, மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே சொல்கிறது.

"கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், இரண்டு பேர் வாழ்க்கை அதில் சிக்கும். மாற்றிக் காட்டுகிறேன் என்று டாக்டர் யாரேனும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது.