வாங்கிய கணக்கை மட்டும் பார்த்தால் போதாது

மக்கா, இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் "புள்ளிப் பட்டியலின் நடுவில் நிற்கும் கிளப்புகள் சம்பாதிப்பதெல்லாம் வீரர்களை வாங்கும் டிரான்ஸ்ஃபரில் கரைகிறது, கேட்க ஆளில்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தூத்தூர், குளச்சல் டீக்கடைகளிலும் இதே பேச்சுதான், ஆனால் பாதிக் கணக்கு.

பிரைட்டன் கிளப் 2021இல் கைசெடோ என்ற வீரரை வாங்கியது சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு. 2023இல் செல்சி கிளப்புக்கு விற்றது, ஆட்-ஆன்களோடு (நிபந்தனைப்படி பின்னால் சேரும் தொகை) 11.5 கோடி பவுண்டுக்கு. பிறகு செலவழிக்காமல் என்ன செய்வார்கள்?

இன்னொன்று, வாங்கும் விலை ஒரே வருடத்தில் கணக்கில் ஏறாது. விசைப்படகு விலையைப் பல வருடத்துக்குப் பிரித்து எழுதுவது போல, 5 கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு 1 கோடி. விற்ற லாபமோ அந்த வருடமே முழுதாக ஏறிவிடும்.

கேட்க ஆளில்லை என்பதும் தவறு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு லீக் விதி அனுமதித்த நஷ்டம் 6.1 கோடி, அதற்கு மேல் 3.45 கோடி தாண்டியதால் 2024 மார்ச்சில் லீக் பட்டியலில் 4 புள்ளி போனது. அவர்கள் பிரென்னன் ஜான்சன் என்ற வீரரை நல்ல விலைக்கு விற்றார்கள்தான், ஆனால் ஜூன் 30இல் கணக்கு முடிந்து, செப்டம்பரில், அதனால் அந்தப் பணம் அந்தக் கணக்கில் சேரவில்லை! இதே நஷ்ட வரம்பைத் தாண்டிய எவர்டன் கிளப்புக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, அப்பீலில் 6 ஆக்கினார்கள்.

வீண் செலவு செய்யும் கிளப்புகள் உண்டு, சரி. ஆனால் எல்லாரையும் ஒரே வலையில் அள்ளாதீர்கள்.