ப்ளஸ் மைனஸ் இல்லாத கண்டன்சர் கேட்டது குத்தமா?

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், "ஸ்பீக்கர் கிராஸ்ஓவருக்கு 4.7 மைக்ரோஃபாரட், நான்-போலார்" என்று கேட்டுப் பாருங்கள். கிராஸ்ஓவர் என்பது கீச்சு சத்தத்தையும் கனத்த சத்தத்தையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்; நான்-போலார் என்றால் ப்ளஸ் மைனஸ் இல்லாத கண்டன்சர். மைனஸ் கோடு போட்ட சாதாரண எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரை நீட்டுவார்கள். "அதேதான் சார், ஓடும்." ஓடும், கொஞ்ச நாளில் சூடாகித் தலை உப்பி, ட்வீட்டரையும் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) கூட்டிக்கொண்டு போகும். ஸ்பீக்கருக்குப் போவது ஏசி சிக்னல், அதில் ப்ளஸ் ஏது, மைனஸ் ஏது?

அவசரத்துக்கு 10 மைக்ரோ இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 5 வரும், சமாளிக்கலாம். ஒற்றை 10-ஐயே மாட்டி அனுப்புகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 போட்டால் 4,200 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்டும், அதற்குக் கீழே உள்ள கனத்த சத்தம் ட்வீட்டருக்குப் போகாமல் குறையும். 10 போட்டால் 2,000-க்கு இறங்கிவிடும். ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகாமல் என்ன செய்யும்?

இதில் கூத்து என்னவென்றால், பக்கத்து எலக்ட்ரிக் கடையில் கிடக்கும் 2.5 மைக்ரோ, 440 வோல்ட் ஃபேன் கண்டன்சர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகைதான், ப்ளஸ் மைனஸ் கிடையாது. இரண்டைப் பேரலலாகப் போட்டால் 5. பெட்டிக்குள் இடத்தைத்தான் அடைக்கும்.

எலக்ட்ரோலைட்டிக்கை எடுத்துவிட்டு ஃபிலிம் கண்டன்சர் மாட்டியதும் 'ஸ்ஸ்' சத்தம் காதைக் குத்தினால், அதை அடக்க 1 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை சீரிஸில் சேர்க்கணும். அதைக் கேட்டால், "10 ஓம் தரட்டா சார்?"