மறுநாளே ஓடி வரும் இன்சூரன்ஸ்காரர்

ஆலங்கட்டி மழை அடித்த மறுநாளே வயலுக்கு ஓடி வந்து இழப்புச் சதவீதம் எழுதிக்கொண்டு போகிற இன்சூரன்ஸ்காரரைவிட, பத்து நாள் கழித்து வருகிறவரைத்தான் நான் நம்புவேன். ஊரில் போய் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். பரவாயில்லை, முழுசாகப் படித்துவிட்டு அடியுங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவின் நெப்ராஸ்காவில். எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம், சோயா. கோடையில் கல்மழைக்குப் பேர்போன இடம். அரசு மானியத்தோடு வரும் பயிர்க் காப்பீடு ஒன்று இருக்க, கல்மழைக்கென்றே தனியார் கம்பெனிகள் தனி பாலிசியும் விற்கின்றன. கல்மழை ஒரே வயலில் ஒரு கோடியைச் சல்லடையாக்கிவிட்டு மறுகோடியைத் தொடாமல் போய்விடும் என்பதால், இழப்பை ஏக்கர் வாரியாகக் கணக்கிடுகிறார்கள். ஏக்கருக்கு 500 டாலர் பாலிசி, 40 சதவீத இழப்பு என்றால், இழப்பில் ஒரு பங்கை விவசாயி தலையில் கட்டும் கழிவு எதுவும் இல்லாத பாலிசியில் 200 டாலர். அந்த 40 என்ற எண்ணைப் போட வருகிறவர்தான் அட்ஜஸ்டர்.

தகவல் சொன்னாலும் அவர் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள் கழித்துத்தான் எண்ண வருவார். காரணம் செடியிலேயே இருக்கிறது. மக்காச்சோளத்துக்கு ஐந்தாறு இலை வரும்வரை வளரும் குருத்து மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். மேலே இலை மொத்தமும் நார் நாராகப் போனாலும் ஒரு வாரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். மறுநாள் பார்த்தால் வயல் போச்சு என்று எழுதுவோம்; பத்தாம் நாள் பார்த்தால் விளைச்சலில் இழப்பு கொஞ்சம்தான். அதே இலை இழப்பு ஆண் பூ வெளிவரும் சமயத்தில் நேர்ந்தால் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது. சோயா வேறு ரகம். அதன் குருத்து முளைக்கும்போதே மண்ணுக்கு மேலே வந்துவிடும். முளையோடு முதலில் வரும் விதையிலைக்குக் கீழே தண்டு ஒடிந்தால் அந்தச் செடி செத்தது. அதற்கு மேலே ஒடிந்தால் பக்கக் கிளை விட்டுத் தேறிக்கொள்ளும்.

வந்தவர் என்ன செய்கிறார்? வரப்பில் நிற்பதில்லை. 30 அங்குல வரிசை இடைவெளி என்றால் 17 அடி 5 அங்குல நீளத்துக்கு டேப் பிடிக்கிறார். அது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் பிழைத்த செடிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை செடி என்று வந்துவிடும். சந்தேகமான செடியை நீளவாக்கில் கத்தியால் பிளந்து, குருத்து வெள்ளையாகக் கெட்டியாக இருக்கிறதா, பழுப்பாகிக் குழகுழவென்று போய்விட்டதா என்று பார்க்கிறார். வயலில் பல இடங்களில் இதையே திரும்பச் செய்கிறார். பிறகு இலை இழப்பு. சண்டை வருவது இங்கேதான். கிழிந்து தொங்கினாலும் பச்சையாக இருக்கும் இலை இன்னும் வேலை செய்கிறது, அதனால் இழப்பில் சேராது. விவசாயி கண்ணுக்கு எண்பது சதவீதம் போனதாகத் தெரிகிற வயல், எண்ணிப் பார்த்தால் பாதிகூட வராது. தண்டிலும் கதிரிலும் பட்ட அடியை அப்போதே முடிவு செய்யாமல் அறுவடை நெருங்கும்வரை தள்ளி வைப்பார்கள். அடிபட்ட தண்டு பின்னால் அழுகிச் சாயுமா என்று அன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது.

இவர்கள் ஒன்றும் தர்மராஜாக்கள் இல்லை. கூலி கொடுப்பது கம்பெனி. ஆனால் எந்தப் பருவத்தில் எவ்வளவு இலை போனால் எவ்வளவு விளைச்சல் போகும் என்ற அட்டவணையைப் பல்கலைக்கழக விரிவாக்க மையங்களே வெளியிட்டிருக்கின்றன. விவசாயியே டேப் எடுத்து எண்ணிச் சரிபார்க்கலாம். ஒத்துவராவிட்டால் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, அவர்கள் இருவரும் ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்க பாலிசியில் வழி இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பைப் பெரும்பாலும் ஊர் அளவில்தான் பார்க்கிறார்கள். கல்மழை போன்ற சில சேதங்களுக்கு மட்டும் தனி வயல் கணக்கு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்தில் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், அடுத்த பத்து நாளில் ஆய்வை முடிக்க வேண்டும். மோசமான விதி என்று சொல்ல மாட்டேன். இளம் மக்காச்சோளத்துக்கு அந்தப் பத்து நாள் போதும்.

வேளாண் கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் மகாராஷ்டிராவில் இந்த வேலை பார்த்தான். பிப்ரவரி, மார்ச்சில் கோதுமை, கொண்டைக்கடலை மேல் கல்மழை கொட்டும் நாடு அது. 2014இல் அடித்த அடியை அங்கே யாரும் மறக்கவில்லை. அவனிடம் கேட்டேன், எப்படிடா சதவீதம் போடுவே என்று. "மாப்ள, கண்ணாலதான். ஒரு பக்கம் ஊர்க்காரங்க, ஒரு பக்கம் ஆபீசர், சாயங்காலத்துக்குள்ள அடுத்த ஊர். டேப் எடுத்தா பஸ்ஸைக் கோட்டை விட்டுருவேன்." பத்து நாள் பற்றிய என் பிரசங்கத்துக்கும் ஒரு குட்டு வைத்தான்: முற்றிய கோதுமையில் மணி தரையில் உதிர்ந்து கிடக்கும்போது யார் காத்திருப்பார்கள்? ஈரத்தில் முளைத்துவிடும், மிச்சத்தை அறுத்தாக வேண்டும். அவன் சொல்வது சரி. முற்றின பயிருக்கு வேகம் வேண்டும், இளம்பயிருக்குப் பொறுமை வேண்டும். எல்லாப் பயிருக்கும் ஒரே கெடு என்று எழுதி வைத்ததில் இந்த வித்தியாசம் அடிபட்டுப் போகிறது.

எனக்குக் கோபம் கெடுவின் மேலும் இல்லை, அவன் மேலும் இல்லை. எண்ணிக்கை இல்லாமல் சதவீதம் பிறப்பதன் மேல். 35 என்று எழுதிவிட்டுப் போனால், ஏன் 55 இல்லை என்று விவசாயி எதை வைத்து வாதாடுவார்? கையெழுத்துப் போட்டதோடு அவர் பங்கு முடிந்தது.

இப்போது எல்லாவற்றுக்கும் செயற்கைக்கோள், ட்ரோன் என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் பச்சை எங்கே குறைந்தது என்று தெரியும். தண்டுக்குள் குருத்து செத்ததா என்று தெரியாது. எந்த வயலுக்கு முதலில் போவது என்பதைப் படம் பார்த்து முடிவு செய்யட்டும். சதவீதத்தை வயலுக்குள் இறங்கி எண்ணிய ஆள் எழுதட்டும், எந்த இடத்தில் எத்தனை செடி, எத்தனை உயிரோடு என்ற தாளின் நகலை அங்கேயே விவசாயியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும்.