கொட்டான் எங்கே?

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பெரிய வீடு, 14 பங்காளிகளுக்குச் சொந்தமானது. அதிலுள்ள நாற்பது சொச்சம் அறைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, இரண்டே இரண்டில் ஓர் ஆச்சி குடியிருக்கிறார். வயது 78. அவரிடம் நான் எட்டு மாதங்களாகப் கொட்டான், அதாவது பனையோலைச் சிறுகூடை, முடையக் கற்றுவருகிறேன். 'கற்றுவருகிறேன்' என்பதை ஆச்சி ஏற்றுக்கொள்ள மாட்டார். 'வருகிறான்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். நான் காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பார்க்கிறேன். மனைவி தேவகோட்டைப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் நான்காம் வகுப்பு, மகன் யூ.கே.ஜி.

கீழே இருப்பது சென்ற சனிக்கிழமை மாலை ஆச்சி வீட்டு முகப்பில் நடந்த பேச்சு. ஆச்சி பேசியது அசல் செட்டிநாட்டுப் பேச்சு. பதினாறு ஆண்டுகளாகத் 'தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது' என்று எழுதி எழுதிப் பழகிய என் கையில் அது இப்படி ஆகிவிட்டது. படித்துக் காட்டினால், 'இப்படிப் பேசுகிற ஆச்சி எந்த ஊர்?' என்று அவரே கேட்பார்.

ஆச்சி: வா தம்பி, உட்கார். ஓலையை நேற்றே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். காய்ந்தால் ஒடியும், ஊறிக் கிடந்தால் பூசணம் பிடிக்கும். உன்னை எதிர்பார்த்து இரண்டும் பலமுறை நடந்துவிட்டது. அது போகட்டும், கொட்டான் எங்கே?

நான்: நேற்று ஏன் வர முடியவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஆச்சி.

ஆச்சி: நீ வராததைத்தான் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, அதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாயே, அந்தக் கொட்டான் எங்கே என்று கேட்டேன்.

நான்: அங்கேதான் வருகிறேன். இந்த நேர முடை இருக்கிறதே, ஆச்சி...

ஆச்சி: பண முடை கேள்விப்பட்டிருக்கிறேன். ஓலையை முடையச் சொன்னால் நேரத்தை முடைந்துகொண்டு வந்து நிற்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். இந்த வீட்டில் வாய்ப்பேச்சு செல்லாது, தம்பி. எதுவானாலும் பேரேட்டில் ஏற வேண்டும். நேற்றைய நாளுக்கு ஐந்தொகை எடுப்போம். எழுந்ததிலிருந்து சொல்.

நான்: விடியற்காலை 4.45-க்கு எழுந்தேன். மனைவி குழம்பு கூட்ட, நான் இடியாப்பம் பிழிந்தேன். இரண்டு கையும் உரலில் இருக்கும் நேரம் பார்த்து மகள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வந்து நின்றாள். ஏழெட்டு ஐம்பத்தாறுக்கு ஒரு சுற்று, ஏழொன்பது அறுபத்துமூன்றுக்கு ஒரு சுற்று என்று அவள் சொல்லச் சொல்ல நான் பிழிந்ததில், தட்டிலிருந்த இடியாப்பமும் வாய்ப்பாட்டைப் போலவே பெருத்துக்கொண்டு போயிற்று. 6.40-க்கு மனைவி பேருந்து ஏறினாள். காரைக்குடியில் இறங்கி இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும்.

ஆச்சி: பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசில்லையாமே?

நான்: 2021-லிருந்தே சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் காசில்லை. பேருந்து வந்தால் போதும்.

ஆச்சி: சரி, அந்தக் காத்திருப்பு அவள் பற்றில் இருக்கட்டும். மேலே சொல்.

நான்: பயலை எழுப்பிக் குளிப்பாட்டி, காலுறையில் ஒன்றைத் தேடி, கிடைக்காமல், இரண்டு நிறத்தில் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். 10 மணிக்கு வங்கி. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துச் சொல்லச் சொல்ல நான் எடை பார்த்துப் பதிந்துகொண்டிருந்தேன். உணவு இடைவேளையில் மகளின் ஆசிரியருக்குப் பதில் எழுதினேன். அதன் பிறகு தணிக்கைக்கு வேண்டிய பட்டியல்...

ஆச்சி: நிறுத்து. உன் நாள் எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைப் பணியாரக் கணக்கு. உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைப்போம் அல்லவா? உனக்கு அலுவலகம் தலைதட்டி, வீடு கோபுரம். கோபுரத்தின் உச்சியில் என் கொட்டானைக் கொண்டுபோய் வைத்தால் சரியாமல் என்ன செய்யும்?

(இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய், நான்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். உவமைக்குப் பொருள் உடனே கைக்குக் கிடைப்பது அந்த வீட்டில்தான்.)

நான்: உங்கள் காலத்தில் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகவே சமாளித்தீர்கள், ஆச்சி. எங்களுக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்லை.

ஆச்சி: யார் சொன்னது? இந்த வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளையையும் வேறு வைத்தார்கள். ஆளுக்கோர் அறை, ஆளுக்கோர் அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்த நெல். இரண்டாம் கட்டில் ஒரு காலத்தில் ஒன்பது அடுப்பு எரிந்தது. உலை தனித்தனி என்றாலும், ஒருத்தி பிள்ளை இன்னொருத்தி இடுப்பில்தான் இருக்கும். யார் பிள்ளை அழுகிறது என்று பார்த்துத் தூக்கினதில்லை, யார் கை சும்மா இருக்கிறது என்று பார்த்துக் கொடுத்தோம். கொட்டான் முடைந்ததெல்லாம் அப்படிக் கிடைத்த பொழுதில்தான். இன்றைக்கு அந்த ஒன்பது அடுப்பும் இல்லை, ஒன்பது பூட்டுத்தான் இருக்கிறது. பூட்டு எந்தப் பிள்ளையைத் தூக்கும்?

நான்: அப்போது ஆண்கள் என்ன செய்தார்கள்?

ஆச்சி: கப்பலில் இருந்தார்கள். என்னைப் பெற்ற அப்பச்சி மலாயாவில் வட்டிக்கடைக்குப் போனவர்; ஒரு முறை போனால் மூன்று வருடக் கணக்கு. நான் பிறந்த செய்தி கடிதத்தில் போயிற்று. அவர் திரும்பி வந்தபோது, 'இது யார் வீட்டுக்காரர்?' என்று ஆத்தாவிடம் நான் கேட்டேனாம். உன் பயல் பிறந்தபோது உனக்கு லீவு கொடுத்தார்களா?

நான்: பதினைந்து நாள் கொடுத்தார்கள். அவளுக்கு ஓராண்டு, 2021 ஜூலையிலிருந்து தமிழக அரசு 9 மாதத்தை 12 மாதமாக்கியது அவளுக்குச் சரியாக அமைந்தது.

ஆச்சி: பதினைந்து நாளில் நீ என்ன செய்தாய்?

நான்: பிள்ளை பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன்.

ஆச்சி: மலாயாவுக்குப் போயிருந்தாலாவது பணம் வந்திருக்கும். சரி, நேற்றுப் பிற்பகலுக்கு வா.

நான்: பிற்பகலில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை, ஆச்சி. நாலு பவுன் சங்கிலி ஒன்றைத் தராசில் வைத்திருந்த நேரத்தில் ஆட்டோக்காரர் கூப்பிட்டார். பயல் ஆட்டோவில் ஏற மறுக்கிறான் என்றார்.

ஆச்சி: ஏன்?

நான்: நடந்துதான் வீட்டுக்கு வருவானாம்.

ஆச்சி: பள்ளிக்கூடத்திலிருந்து இங்கே வரைக்குமா? ஏன்?

நான்: பாரி நடந்துதான் போனாராம்.

ஆச்சி: எந்தப் பாரி?

நான்: பறம்பு மலைப் பாரி. நம் பிரான்மலை.

ஆச்சி: பிரான்மலைப் பாரிக்கும் உன் பயலுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?

(இந்த இடத்தில் நான் ஒரு பணியாரத்தை முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன். ஆச்சி நிதானமாகத் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். தணிக்கையாளர் பலரைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கத் தெரிந்தவர்கள் குறைவு.)

நான்: வியாழக்கிழமை இரவு 9.40-க்குப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மறுநாள் மாறுவேடப் போட்டி. எங்கள் பயல் பாரி வள்ளலாக, தேருடன் வர வேண்டும் என்று இருந்தது. அந்த நேரத்தில் தேருக்கு எங்கே போவது? மனைவி அவனுக்குப் பேச வேண்டிய நான்கு வரியை எழுதிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பெஞ்சின் மேல் கொட்டான் இருந்தது.

ஆச்சி: ம்.

நான்: அடி சதுரமாக, நான்கு மூலையும் திருப்பி, சுவர் மூன்று விரல் உயரத்துக்கு எழும்பி, மேலே ஓலைகள் முடியாமல் நீட்டிக்கொண்டு... பார்த்தால் தேர்த்தட்டு மாதிரியேதான் இருந்தது, ஆச்சி. நீட்டிக்கொண்டிருந்த ஓலைகளை உச்சியில் சேர்த்துக் கட்டினேன், கோபுரமாயிற்று. தண்ணீர்ப் பாட்டில் மூடி நான்கைச் சக்கரமாக வைத்தேன்.

ஆச்சி: வாய் வட்டமாக வர வேண்டிய கொட்டானின் தலையைக் கட்டித் தேராக்கியிருக்கிறாய். நல்லது, அந்தத் தேர் எங்கே?

நான்: முல்லைக்குக் கொடுத்துவிட்டான்.

ஆச்சி: எந்த முல்லைக்கு?

நான்: உடன் படிக்கும் ஒரு பெண் குழந்தை. பச்சைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, பற்றிப் படரக் கொம்பில்லாமல் வாடி நிற்கும் முல்லைக்கொடியாக வந்திருந்தது. மேடையில் கொடுத்துவிட்டு, இறங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இவன் வாங்க மறுத்துவிட்டான். கொடுத்தது கொடுத்ததுதானாம். தேரைக் கொடுத்தவன் நடந்துதானே போக வேண்டும் என்று ஆட்டோவிலும் ஏறவில்லை. கடைசியில் நான் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு போய், பாரியைக் கையைப் பிடித்து அரைக் கிலோமீட்டர் நடத்தி, காலுறை இரண்டும் அழுக்கான பிறகு ஸ்கூட்டரில் ஏற்றினேன். அந்த ஒரு மணி நேரத்தை ஈடுசெய்ய இரவு 8 மணி வரை வங்கியில் இருந்தேன். அதனால்தான் நேற்று வரவில்லை.

(ஆச்சி சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார்.)

ஆச்சி: நீ நகைக்கடன் பார்க்கிறவன். இதை எந்தத் தலைப்பில் எழுதுவாய்?

நான்: பாரி செய்ததே எங்கள் முறைப்படி தவறு, ஆச்சி. நகையின் முழு மதிப்புக்கும் கடன் இல்லை என்று படித்து வந்தவன் நான். அவர் ஈடே வாங்காமல், வருமானச் சான்று கேட்காமல், கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு கொடிக்கு முழுத் தேரையும் கொடுத்திருக்கிறார். எந்தத் தணிக்கையில் நிற்கும்?

ஆச்சி: பூவாகத் திருப்பிக் கட்டியிருக்கும். அது கிடக்கட்டும், தவணை தவறினால் உங்கள் வங்கியில் எத்தனை நாள் பொறுப்பீர்கள்?

நான்: தொண்ணூறு நாள். அதைத் தாண்டினால் வாராக்கடன் வகையில் போய்விடும்.

ஆச்சி: என் கொட்டான் எட்டு மாதம். அப்படியானால் அது தேராகும் முன்பே வாராக்கடன்தான். உன் பயல் வந்துதான் அதைக் கொடையாக மாற்றி என் கணக்கை நேர் செய்திருக்கிறான். பரிசு பாரிக்குத்தானே?

நான்: இல்லை, முல்லைக்கொடிக்கு.

ஆச்சி: தேர் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். ஊர் வழக்கம். இப்போது கடைசிப் பத்தி: நீ இங்கே பணியாரம் தின்றுகொண்டிருக்கிறாய், பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள்?

நான்: அவள்தான் வீட்டில் இருக்கிறாள்.

ஆச்சி: எட்டு மாதமும்?

நான்: நான் வந்த நாள்களில் மட்டும்.

ஆச்சி: நீ முடைய வந்தது உன் வரவு. அதற்கான பற்று யார் பெயரில் ஏறியிருக்கிறது என்று பார்த்தாயா? கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெண் வீணை வாசித்தாள். இந்த முகப்புவரை கேட்கும். அது இப்போது எங்கே?

நான்: பரணில் இருக்கிறது. பயல் தவழ ஆரம்பித்தபோது தந்தியைப் பிடித்து இழுத்தான் என்று ஏற்றி வைத்தோம்.

ஆச்சி: உன் பொழுதுபோக்குக்கு எதிர் வீட்டு முகப்பு, அவள் பொழுதுபோக்குக்குப் பரண். இரண்டு பக்கமும் கூட்டினால் நேராகவில்லையே, தம்பி. என் பங்கு அறை ஒன்று, பட்டாசாலைக்கு அடுத்து, காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. இந்தா சாவி, அவளிடம் கொடு. அடுத்த சனிக்கிழமை அவள் வரட்டும், வீணையோடு.

நான்: அப்படியென்றால் நான் ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

ஆச்சி: ஓலையை ஈரத்துணியோடு எடுத்துக்கொண்டு போ. வீட்டில் இருந்து முடை.

நான்: பிள்ளைகள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது எப்படி, ஆச்சி?

ஆச்சி: உனக்கென்ன, ஆட்கள் இருக்கிறார்கள். வாய்ப்பாடு சொல்ல ஒருத்தி, தயாரானதும் தானம் கொடுக்க ஒருவன்.

(என் கைபேசி அடித்தது. முல்லைக்கொடியின் தாயார். தேரின் ஒரு மூலை பிரிந்துவிட்டது என்றும், குழந்தை அழுகிறாள் என்றும், அதை முடைந்தவர் எப்போது வீட்டில் இருப்பார் என்று சொன்னால் கொண்டுவருவதாகவும் சொன்னார். நான் பதில் தேடுவதற்குள் ஆச்சி கையை நீட்டிக் கைபேசியை வாங்கிக்கொண்டார்.)

ஆச்சி: முடைந்தவர் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பார், ஆத்தா. குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. அங்கே ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.